ஏழு பங்கு

அக்கா இறந்துபோய் மூன்று வாரம் ஆகிறது. அவளுடைய அட்டைப்பெட்டிப் பட்டறையில் ஆறு பேர் வேலை செய்தார்கள். பெட்டிகளில் பெரும்பகுதி ஒரே செருப்பு கம்பெனிக்குத்தான் போகும்.

நான் கல்லூரியில் பொருளாதாரம் கடைசி வருடம் படித்தபோது பங்குச்சந்தை விழுந்தது. எங்கள் வீட்டில் யாரிடமும் ஒரு பங்குகூட இல்லை. ஆனால் புதுப் பங்குகளை விற்று இன்னொரு ஆலை கட்ட இருந்த செருப்பு கம்பெனி, அந்த வேலையை அப்படியே போட்டுவிட்டு உற்பத்தியையும் பாதியாக்கியது. மிரண்டுபோன வங்கி, அக்கா காகிதம் வாங்கக் கொடுத்துவந்த கடனையும் பாதியாகக் குறைத்தது. பத்தே நாளில் எங்கள் பசை வாளி தொடுவாரில்லாமல் ஆடை படிந்துவிட்டது.

அக்கா எல்லோரையும் கூப்பிட்டாள். "பங்கு விழுந்துடுச்சு. அதான் ஆர்டர் இல்ல."

பெட்டி ஒட்டும் அம்மாவை எல்லோரும் பசையம்மா என்போம். அவர் பதறிப்போய், "யாரோட பங்கு? என் பங்கா?" என்றார்.

வெட்டு மிஷின்காரர் சிரித்தார். "உனக்கு ஏதும்மா பங்கு? இருந்தாத்தானே விழறதுக்கு!"

"அதத்தான்யா கேக்கறேன். இல்லாத பங்கு எப்படி என் தலையில விழுது?"

அக்கா சிரிக்கவில்லை.

அன்று மாலை நான் சொன்னேன்: "மூணு பேரை நிறுத்திடுக்கா. வேற வழியில்ல."

"சரி காலேஜு. எந்த மூணு பேருன்னு நீயே போய்ச் சொல்லு, பாப்போம்."



மறுநாள் அவள் சொன்னாள்: "யாரையும் நிறுத்தல. ஆளுக்கு வாரத்துல மூணு நாள் வேலை. வர்றதப் பங்கு போட்டுக்கலாம்."

"இந்தப் பங்கு புரியுது" என்றார் பசையம்மா.

எட்டு மாதம் அப்படியே ஓடியது. சந்தை தலைதூக்கியதும் செருப்பு கம்பெனி ஒரே வாரத்தில் பத்தாயிரம் பெட்டி கேட்டது. ஆட்களை அனுப்பிவிட்ட மற்ற பட்டறைகள் கைதேர்ந்தவர்களைத் தேடி அலைந்தன. எங்கள் ஆறு பேரும் அவரவர் இடத்தில் நின்றார்கள். வங்கியும் பிறகு பழையபடி கடன் கொடுத்தது. பட்டறை தப்பியது.

அந்த எட்டு மாதமும் என் கல்லூரிக் கட்டணம் ஒரு நாள்கூடத் தவறவில்லை. எப்படி என்று நான் கேட்கவேயில்லை. அக்காவை அடக்கம் செய்த அன்று பசையம்மா சொன்னார்: "ஆறு பேருக்கு ஏழு பங்கு போட்டாங்கப்பா. ஏழாவது உன் ஃபீஸு."

"அப்ப அக்காவுக்கு?"

"சமைக்க நேரமில்லன்னு சொல்லிட்டு தினமும் எங்க டப்பாவுலதான் சாப்பிட்டாங்க. எங்களுக்குத் தெரியாதா என்ன? அவங்களுக்குன்னு ஒரு கரண்டி கூடவே போட்டு எடுத்துட்டு வருவோம்."

நிறுத்தலாம் என்று அன்று நான் மனதில் வைத்திருந்த மூவரில் பசையம்மாதான் முதல் ஆள். அதை அவரிடம் சொல்லவில்லை. நன்றி என்று மட்டும் சொன்னேன்.

"எனக்கு எதுக்கு? உங்கக்காவுக்குச் சொல்லு."

அதைத்தான் இங்கே எழுதுகிறேன், அக்கா.