பெயர் எழுத வேண்டாம் என்ற கேள்வித்தாள்

முனைவர் பட்டத்துக்கு நான் எடுத்துக்கொண்ட தலைப்பு, தொழிற்சாலைப் பெண்களின் வேலை நிறைவு. பூந்தமல்லிப் பக்கம் ஒரு தனியார் கல்லூரியில் மனிதவள மேலாண்மை பாடம் நடத்திக்கொண்டே பகுதி நேரமாகச் செய்த ஆராய்ச்சி. ஏறி இறங்கிய கம்பெனிகளில் பாதி என்னை வாசலோடு அனுப்பிவிட்டன. கடைசியில் அம்பத்தூர் எஸ்டேட்டில், வண்டிகளுக்கான ரப்பர் வளையங்கள் செய்யும் ஒரு கம்பெனி உள்ளே விட்டது. அங்கிருந்த எச்.ஆர். அதிகாரிக்கு என் வயதுதான் இருக்கும். மரியாதையாகப் பேசினார். ஒரே நிபந்தனை வைத்தார்: தெரிந்துகொண்டதை நிர்வாகத்துக்கு ஒருமுறை ஸ்லைடு போட்டுக் காட்ட வேண்டும். உடனே தலையாட்டினேன்.

மூன்று நாள் மதியச் சாப்பாட்டு நேரத்தில் கேன்டீனில் கேள்வித்தாள் கொடுத்தேன். "பேர் எழுத வேண்டாம். யார் எழுதினதுன்னு எனக்கே தெரியாது" என்று ஒவ்வொரு மேசையிலும் சொன்னேன். பெரும்பாலும் ஒப்பந்தத்தில் வந்த இருபது வயதுப் பெண்கள். கையைத் துடைத்துக்கொண்டு மளமளவென்று டிக் அடித்துத் தந்தார்கள். நாற்பதைத் தாண்டிய ஒருவர் மட்டும் கண்ணாடி போட்டுக்கொண்டு வரிவரியாகப் படித்தார்.

"பேரு வேணாம்ன்றீங்க. ஆனா இன்னா டிபார்ட்மென்ட்டு, எத்தினி வருசம்னு கேட்டுகிறீங்களே மேடம்?"

"அது கணக்குக்காக மட்டும்க்கா."

அவர் அந்தக் கேள்விகளை மறுபடி ஒருமுறை படித்தார். பிறகு எழுதினார். மணி அடித்த பிறகும் எழுதிக்கொண்டிருந்தார்.

வீட்டில் தாள்களைக் கணினியில் ஏற்றும்போதுதான் அவர் எழுதியதைப் படித்தேன். "வேறு ஏதாவது சொல்ல விரும்பினால்" என்று கடைசியில் விட்டிருந்த இடத்தை அநேகமாக எல்லோரும் காலியாக விட்டிருந்தார்கள். அவர் குண்டுகுண்டான எழுத்தில் எழுதியிருந்தார்: "பாத்ரூம் போக சூப்பர்வைசர் மேஜையில் டோக்கன் எடுக்க வேண்டும். லைனுக்கு இரண்டுதான் உள்ளது. அதனால் நாங்கள் வேலைக்கு வந்தால் தண்ணீர் குடிப்பதில்லை."

எனக்கு உடம்பு பரபரத்தது. அது வருத்தம் மட்டும் இல்லை என்பதை இப்போது ஒப்புக்கொள்கிறேன். ஆராய்ச்சிக்கு நல்ல விஷயம் கிடைத்துவிட்டது என்ற சந்தோஷமும் அதில் இருந்தது.

ஸ்லைடு காட்டுகிற நாளில் எட்டுப் பேர் உட்கார்ந்திருந்தார்கள். அட்டவணைகள் ஓடும்வரை எல்லோரும் போனைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார்கள். அந்த வாக்கியம் திரையில் வந்ததும் நிமிர்ந்தார்கள். ஆராய்ச்சிக் கட்டுரைகளில் வழக்கமாகப் போடுவது போல அதற்குக் கீழே சின்ன எழுத்தில் போட்டிருந்தேன்: பெண், இன்ஸ்பெக்‌ஷன் பிரிவு, இருபது ஆண்டுக்கு மேல் அனுபவம்.

தொழிற்சாலை மேலாளர் கண்ணைச் சுருக்கிக்கொண்டு படித்தார். "இன்ஸ்பெக்‌ஷன்ல இருபது வருஷமா? நம்ம..." என்று ஒரு பெயரைச் சொன்னார். பக்கத்தில் இருந்தவர், "வேற யார் சார்? அங்க அவங்க ஒருத்தர்தான் பழைய ஆள்" என்றார். இரண்டு பேர் சிரித்தார்கள். அவசரமாக அடுத்த ஸ்லைடுக்குப் போனேன். அதில் "டோக்கன் முறையைக் கைவிடலாம்" என்ற என் பரிந்துரை இருந்தது. அதை வாசித்தேனா என்பதே ஞாபகமில்லை.

திரும்பும் பஸ்ஸில் குமணன்சாவடியில் இறங்க மறந்து இரண்டு நிறுத்தம் தள்ளிப் போய்விட்டேன். அடுத்த நாள் எச்.ஆர். அதிகாரிக்கு போன் செய்தேன். "ஒண்ணும் ஆகாது மேடம், நீங்க ஏன் டென்ஷன் ஆகுறீங்க?" என்றார். இரண்டு நாள் கழித்து மறுபடி செய்தேன். அதற்கடுத்த வாரமும் செய்தேன். அப்போது எடுக்கவில்லை. வகுப்பில் பாடம் நடத்தும்போது வாக்கியம் பாதியில் நின்றுபோகும். மாணவர்கள் காத்திருப்பார்கள்.

பொறுக்காமல் ஒரு நாள் ஷிப்ட் முடிகிற நேரத்துக்குக் கம்பெனி வாசலில் போய் நின்றேன். பெண்கள் கூட்டமாக வெளியே வந்தார்கள். அதில் அந்த அக்கா இல்லை. எல்லோரும் போன பிறகு பின்பக்கத்து கேட்டிலிருந்து தனியாக வந்தார். என்னைப் பார்த்தும் நிற்கவில்லை. பட்டரவாக்கம் ஸ்டேஷன்வரை பின்னாலேயே நடந்தேன். பிளாட்பாரத்தில்தான் பேசினார்.

"ஸ்டோருக்கு மாத்திட்டாங்கோ. போல்ட்டு, வாஷரு எண்ணிகினு ஒண்டியா குந்திகினுகீறேன்."

"என்னாலதான்க்கா. மன்னிச்சிடுங்க."

"நான் பேரு போடல. நீதான் போட்டுட்ட." குரல் உயர்ந்தது. பக்கத்தில் நின்றவர்கள் திரும்பிப் பார்த்ததும் தணிந்தார். "அங்க டோக்கன் கெடையாது மேடம். எப்ப வேணா பாத்ரூம் போலாம். பேசறதுக்குத்தான் ஆளு இல்ல. அந்தப் பொண்ணுங்களோடதான் துன்னுவேன். இப்ப அதுங்களுக்கு வேற டைமு, எனக்கு வேற டைமு."

"லைன்ல டோக்கனை எடுத்துட்டாங்களா?"

"எடுத்துட்டாங்கோ. நோட்டு வெச்சிகீறாங்கோ. போற டைமு, வர்ற டைமு எழுதி கையெழுத்துப் போடணும்."

அடுத்த நாள் வகுப்பை மாற்றிவிட்டு எச்.ஆர். அதிகாரியின் அறைக்குப் போய் உட்கார்ந்தேன். அந்த அக்காவைப் பழைய இடத்துக்கே அனுப்பச் சொல்லிக் கேட்டேன். "ஸ்டோர் ஈசியான வேலை மேடம். வயசானவங்களுக்கு நல்லதுதானே? உங்க ஸ்டடிக்கும் இதுக்கும் சம்பந்தமே இல்ல" என்றார். பொய் சொல்கிறார் என்று தோன்றவில்லை. அவர் அதை நம்பத் தொடங்கியிருந்தார்.

வெறுங்கையோடு மறுபடி அந்த அக்காவைப் பார்க்கப் போனேன். நடந்ததைச் சொன்னேன். அவர் அதைக் காதிலேயே போட்டுக்கொள்ளவில்லை.

"அந்தப் பேப்பரு உங்ககிட்டதான கீது? எனக்குக் குடுத்துடுங்க."

அந்த வாரமே எடுத்துப்போய்க் கொடுத்தேன். பிளாட்பார பெஞ்சில் உட்கார்ந்து கண்ணாடி போட்டுக்கொண்டு முதல் கேள்வியிலிருந்து படித்தார். ஓரிடத்தில் விரலை வைத்து நிறுத்தினார். வேலை மனதுக்கு நிறைவாக இருக்கிறதா என்ற கேள்வி. 'மிகவும்' என்று டிக் அடித்திருந்தார்.

"இது நெசந்தான் மேடம். கையில தடவுனாலே எந்த ரிங்கு கோணல்னு எனக்குத் தெரியும். புடிச்ச வேலைதான்."

தாளை நான்காக மடித்து டிபன் பைக்குள் வைத்துக்கொண்டார். கொரட்டூர்ப் பக்கம் போகிற வண்டி வந்தது. ஏறிக்கொண்டார். வருகிறேன் என்று சொல்லவில்லை.

அந்தத் தாளின் பதில்களையும் கணக்கிலிருந்து எடுத்துவிட்டதால் எல்லா அட்டவணைகளையும் முதலிலிருந்து போட வேண்டியிருந்தது. என் கைடு சலித்துக்கொண்டார். "ஒரு ஃபார்ம்தானே? டேட்டால இருக்கட்டுமே, யாருக்குத் தெரியப் போவுது?" என்றார். நான் கேட்கவில்லை. நான்கு நாள் உட்கார்ந்து மறுபடி போட்டேன். எங்கோ மூன்றாவது தசம இடத்தில் ஓர் எண் மாறியது. முடிவுகள் எல்லாம் அப்படியே இருந்தன. அந்த அக்கா எழுதாமலே இருந்திருந்தாலும் என் ஆய்வு இப்படியேதான் வந்திருக்கும் என்று தெரிந்தபோது எழுந்துபோய் பால்கனியில் நின்றேன். மறுபடி வந்து உட்கார்ந்தேன். மறுபடி எழுந்தேன்.

வைவா என்ற வாய்மொழித் தேர்வில், கொடுத்த தாள்களுக்கும் கணக்கில் உள்ள தாள்களுக்கும் ஏன் வித்தியாசம் என்று கேட்டார்கள். சில நிரப்பப்படவில்லை, ஒருவர் விலகிக்கொண்டார் என்றேன். தலையசைத்து அடுத்த கேள்விக்குப் போனார்கள். பட்டம் கிடைத்தது.

ஓராண்டுக்குப் பிறகு அந்த எச்.ஆர். அதிகாரி போன் செய்தார். "புது பிளான்ட்ல ஒரு சர்வே பண்ணணும் மேடம். உங்க ரிப்போர்ட் ரொம்ப யூஸ்ஃபுல்லா இருந்துச்சு." வரமாட்டேன் என்றேன். காரணம் கேட்டார். அந்த அக்காவைப் பற்றிச் சொன்னேன்.

"அவங்களா? அவங்க போன மாசமே வேலையை விட்டுட்டாங்களே. தெரியாதா?"

தெரியாது. வீடு எங்கே என்று கேட்டேன்.

"ஊழியர் விவரமெல்லாம் வெளிய குடுக்கக் கூடாது மேடம்."

அவர் சொன்னது சரிதான். அந்த ஞாயிற்றுக்கிழமை, அந்த அக்கா வண்டி ஏறிய பக்கம் என்ற ஒரே நினைப்பில் கொரட்டூரில் இறங்கி, ஏரிப் பக்கத்துத் தெருக்களில் மதியம்வரை சுற்றினேன். இரண்டு கடைகளில் விசாரித்தேன். பெயரையும் ரப்பர் கம்பெனியில் இருந்தவர் என்பதையும் தவிர வேறு என்ன அடையாளம் சொல்வதென்று தெரியவில்லை. வெயில் ஏறியதும் திரும்பிவிட்டேன். அதற்குப் பிறகு நான் அவரைப் பார்க்கவே இல்லை.