பாஸ்போர்ட் விசாரணைக்கு வந்தவர்

டைப் மாஸ்டரைப் போலீஸ்காரர்கள் அடித்த அன்று என் விண்ணப்பத்தின் கடைசிப் பக்கம் டைப்ரைட்டரில் பாதி ஏறியிருந்தது. குழந்தை என் இடுப்பில் இருந்தாள். அவளுக்கு அப்போது பத்து மாதம். அப்படிப்பட்ட நேரத்தில் கைக்குழந்தையோடு நான் வெளியே போயிருக்கவே கூடாது என்று பிறகு எல்லோரும் சொன்னார்கள். நானும் எனக்கே அதைப் பல தடவை சொல்லிக்கொண்டிருக்கிறேன்.

இந்தி எதிர்ப்புக்காகக் கல்லூரி மாணவர்கள் தெருவில் இறங்கியிருந்த வாரம் அது. பல்லாவரம் பக்கம் ரயில் மேல் கல்லெறிகிறார்கள், பஸ்ஸைக் கொளுத்துகிறார்கள் என்று ஆளாளுக்கு ஒன்று சொன்னார்கள். ஆனால் அமெரிக்காவுக்குப் போக வேண்டிய தபால் அந்த வாரம் போகாவிட்டால் கெடு தாண்டிவிடும். நான் அரசியலில் எம்.ஏ. படித்தவள். திருமணத்துக்கு முன் கொஞ்ச காலம் கல்லூரியில் ட்யூட்டராக இருந்தேன். அமெரிக்காவில் ஒரு பல்கலைக்கழகத்தில் அரசு நிர்வாகத்தையும் சர்வதேச உறவுகளையும் சேர்த்து இரண்டு வருஷப் படிப்பாக நடத்துகிறார்கள், உதவித்தொகையும் தருகிறார்கள் என்று என் பழைய பேராசிரியை எழுதியிருந்தார். என் கணவர் மத்திய அரசு அலுவலகத்தில் கிளார்க். "போட்டுத்தான் பாரேன்" என்றார். கிடைக்காது என்கிற தைரியத்தில் சொன்னார் என்று நினைக்கிறேன். கிடைத்துவிட்டால் குழந்தையை என்ன செய்வது என்று இருவரும் பேசவில்லை. பேசினால் ஒருவர் வேண்டாம் என்று சொல்லியாக வேண்டும்.

கிழக்குத் தாம்பரத்தில், ஸ்டேஷனுக்கு எதிரே ஒரு மாடியில் மாஸ்டரின் டைப்ரைட்டிங் இன்ஸ்டிட்யூட் இருந்தது. ஐம்பது வயதிருக்கும் அவருக்கு. ஞாயிற்றுக்கிழமை கோயிலில் ஆர்கன் வாசிப்பார். அந்த விரல்களால்தான் எங்கள் பக்கத்து வேலை விண்ணப்பங்கள் எல்லாம் டைப் ஆயின.

நீங்கள் நேரில் பார்த்த ஒரு பொதுப் பிரச்சினையைப் பற்றியும் அதை அரசு எப்படிக் கையாள வேண்டும் என்பது பற்றியும் ஒரு கட்டுரை எழுத வேண்டும் என்று விண்ணப்பத்தில் கேட்டிருந்தார்கள். நான் ரேஷன் கடையில் அரிசிக்கு நிற்பதைப் பற்றி எழுதியிருந்தேன்.

"ஏம்மா, க்யூல நின்னு நின்னு கால் வீங்குனதையெல்லாமா அமெரிக்காக்காரனுக்கு எழுதுறது?" என்றார் மாஸ்டர், டைப் அடித்துக்கொண்டே. "பாவம்னுட்டு இன்னும் ஒரு கப்பல் கோதுமைய அனுப்பி வச்சிடப் போறான். எம் வீட்டுக்காரி ஏற்கெனவே சப்பாத்தின்னா அழுவுறா."

நான் சிரித்தேன். அப்போதுதான் மாடிப்படி அதிர்ந்தது.

நாலைந்து மாணவர்கள் ஓடி வந்தார்கள். ஒருவன் காதிலிருந்து ரத்தம் சட்டைக்குள் இறங்கிக்கொண்டிருந்தது. "மாஸ்டர், மாஸ்டர்" என்று மட்டும் சொன்னான். மாஸ்டர் பின்பக்க ஜன்னலைக் கை காட்டினார். அவர்கள் பக்கத்து வீட்டு ஓட்டின் மேல் குதித்தார்கள். ஓடுகள் உடைந்து சரிவது கேட்டது. நான் மேஜைக்கு அடியில் புகுந்துகொண்டேன். யோசித்துச் செய்ததில்லை.

போலீஸ்காரர்கள் உள்ளே வந்தார்கள். எனக்குக் கால்கள்தான் தெரிந்தன. காக்கி அரைக்கால் சட்டைகள், முட்டிகள், பூட்ஸுகள். முதல் அடி மெஷினில் விழுந்தது. காகிதம் ஏறியிருந்த உருளை ஓரத்துக்கு ஓடி அதன் மணி அடித்தது. அடுத்த அடி மாஸ்டர் மேல் விழுந்தது. பெஞ்சுகள் கவிழ்ந்தன. பாட்டில் ஒன்று உடைந்து மை என் பக்கமாக ஓடி வந்தது. குழந்தை வாயைத் திறந்தாள். நான் என் உள்ளங்கையை வைத்து அந்த வாயை மூடினேன்.

ஒருவர் குனிந்தார். மீசை வைத்த அகலமான முகம், நெற்றியில் வியர்வை. என்னையும் பார்த்தார், குழந்தையையும் பார்த்தார்.

"உள்ளயே குந்திக்கோம்மா" என்றார் மெதுவாக. "வெளிய வராத."

பிறகு நிமிர்ந்து மாஸ்டரிடம் திரும்பினார். மாஸ்டர் தரையில் உட்கார்ந்து இரண்டு கைகளையும் தலைக்கு மேல் விரித்துப் பிடித்திருந்தார். "நான் வாத்தியார் சார், டைப் வாத்தியார் சார்" என்றார். என்னைக் குனிந்து பார்த்த அதே மனிதர் லத்தியை ஓங்கி அந்த விரல்களின் மேல் அடித்தார். முருங்கைக்காயை ஒடிக்கிற சத்தம் கேட்டது. மறுபடியும் அடித்தார். மாஸ்டர் கையைக் கீழே போட முடியாமல், மேலேயும் வைத்திருக்க முடியாமல் பக்கவாட்டில் சாய்ந்தார். சாய்ந்த பிறகும் அடித்தார்.

அவர்கள் படியிறங்கிப் போன பிறகுதான் என் கை எங்கே இருக்கிறது என்பதே எனக்கு நினைவு வந்தது. எடுத்தேன். குழந்தையின் உதடு வெளுத்திருந்தது. என் விரல்கள் அவள் கன்னத்தில் சிவப்பாகப் பதிந்திருந்தன. ஒரு நொடி அவள் மூச்சே விடவில்லை. பிறகு அலறினாள். என் ரவிக்கை முழுக்கப் பாலால் நனைந்து கிடந்தது.

விண்ணப்பத்தை அனுப்பினேன். கடைசிப் பக்கத்தைக் கையால் எழுதினேன். அந்தக் கட்டுரைக் கேள்விக்கு அன்று மாடியில் பார்த்ததைவிடப் பொருத்தமான பதில் இருந்திருக்க முடியாது. இருந்தாலும் அரிசிக் க்யூவைப் பற்றியே எழுதி முடித்தேன். யாரோ ஒரு வெளிநாட்டுக்காரரிடம் போய் இதைச் சொல்வதா என்று ஒரு பக்கம் தோன்றியது. எழுதினால் நடந்தது வெறும் உதாரணமாக ஆகிவிடுமோ என்று இன்னொரு பக்கம் தோன்றியது.

இடம் கிடைத்தது. உதவித்தொகையும் கிடைத்தது. ஆகஸ்டில் அங்கே இருக்க வேண்டும். என் கணவர் கடிதத்தை வாங்கி இரண்டு தடவை படித்தார். பிறகு எங்கள் காலனி முழுக்கப் போய்ச் சொல்லிவிட்டு வந்தார். அதை நான் எதிர்பார்க்கவில்லை. பாஸ்போர்ட்டுக்கு எழுதிப் போட்டோம். பாஸ்போர்ட் வர வேண்டுமானால் எங்கள் ஊர் போலீஸ் ஸ்டேஷனிலிருந்து என்னைப் பற்றி நல்லபடியாக அறிக்கை போக வேண்டும்.

அதே மாதம் மாஸ்டரின் மனைவி வீட்டுக்கு வந்தார். கோயிலிலிருந்து நேராக வந்திருந்தார், கையில் பைபிள் இருந்தது.

"ரெண்டு கையும் கட்டுப் பிரிச்சாச்சு" என்றார். "வலது கையில மூணு விரல் மடங்காது. சோத்த நான்தான் பெசஞ்சு ஊட்டுறேன். அது போவுது. பசங்க எறிஞ்ச கல்லு பட்டுதான் கை ஒடைஞ்சதுன்னு எழுதியிருக்காங்களாம். அதோட கலகக்காரங்களுக்கு எடம் குடுத்தார்னு அவர் மேலயே கேசு போட்டிருக்காங்க. ரெவின்யூ ஆபீசர், ஆர்.டி.ஓ., விசாரணை வைக்கிறார். பசங்க யாரும் வர மாட்டாங்க, வந்தா அவங்களையே புடிப்பாங்க. நீ ஒருத்திதாம்மா பாத்தவ. நீ சொல்லலன்னா அவர் ஜெயிலுக்குப் போவார்."

நான் சரி என்றேன். அவர் போன பிறகு ஏன் அவ்வளவு சீக்கிரம் சரி என்றேன் என்று நினைத்துப் பயந்தேன்.

அடுத்த வாரம் வாசலில் சைக்கிள் நிற்கிற சத்தம் கேட்டது.

"பாஸ்போர்ட் விசாரணைம்மா. வூட்டுல சார் கீறாரா?"

மேஜைக்கு அடியில் குனிந்து பார்த்த அதே முகம். ஏட்டு என்பது அப்போதுதான் தெரிந்தது. லத்தியைச் சுவரில் சாய்த்துவிட்டுப் பிரம்பு நாற்காலியில் உட்கார்ந்தார். என் கணவர் தானே போய்க் காபி போட்டுக் கொண்டுவந்தார். அப்பா பேர், சொந்த ஊர், படிப்பு எல்லாம் கேட்டு எழுதிக்கொண்டார்.

"கச்சி கிச்சி எதுனா கீதா?"

"இல்லை."

"ஊர்கோலம், கோஷம்?"

"இல்லை."

"தகராறு எதையும் கண்ணால பாத்தது கூட கெடையாது. அப்டித்தானே?"

குழந்தை அப்போது நடக்கத் தொடங்கியிருந்தாள். தத்தித் தத்திச் சுவரோரம் போய் லத்தியைப் பிடித்து, அதன் பித்தளைப் பூணை வாயில் வைத்தாள். நான் பாய்ந்து போய் அவளைத் தூக்கினேன்.

அவர் சிரித்தார். "வுடும்மா. அது இன்னா பண்ணும்? நான் கைல எடுத்தாத்தான் அதுக்கு வேல." காபியைக் குடித்து முடித்தார். "அன்னிக்கு மேஜைக்கு அடில கீந்தது இந்தக் கொயந்ததானே? வேற எவனாச்சும் பாத்திருந்தா முடியப் புட்ச்சி இஸ்து வெளிய போட்டிருப்பான். எனக்கும் ரெண்டு பொண்ணு கீது. நான் உன்ன வுட்டேன். நீ என்ன வுட்டுடு. அந்த விசாரணை முடியட்டும், அப்பால உன் ரிப்போட்ட அனுப்புறேன். ஜம்முனு போய்ப் படிச்சிட்டு வா."

சொன்னதில் பொய் எதுவும் இல்லை. அதுதான் என்னை அதிகம் பயமுறுத்தியது.

சைக்கிள் தெருமுனை திரும்பும் வரை என் கணவர் வாசலில் நின்றார்.

"நீ அங்க போக வேண்டாம்."

"எங்க, அமெரிக்காவுக்கா?"

"விசாரணைக்குடி! மாஸ்டர் நமக்கு என்ன உறவு? நாளைக்கு என் ஆபீசுக்கு ஒரு கடுதாசி போட்டான்னா என் வேலை என்ன ஆகும்? அதுவும் வேண்டாம், உனக்குக் கெடச்சிருக்கே, இந்தத் தெருவுல எவளுக்குக் கெடச்சிருக்கு? மேஜைக்கு அடியிலேர்ந்து கால்தான் தெரிஞ்சுதுன்னு சொல்லிட்டு வா. பொய்யா அது?"

"மொகம் தெரிஞ்சுது. மாஸ்டர் வெரல் ஒவ்வொண்ணா..."

அறைந்தார். கல்யாணமாகி அதுவரை அவர் என்னை அடித்ததில்லை. இடது காதில் ஒரு விசில் சத்தம் கேட்டு நிற்காமல் போய்க்கொண்டிருந்தது. குழந்தை ஏதோ விளையாட்டு என்று நினைத்துக் கை தட்டிச் சிரித்தாள். அவர் தன் கையையே பார்த்தார். பிறகு அவளைத் தூக்கிக்கொண்டு மாடம்பாக்கம் ரோட்டில் இறங்கி நடந்துவிட்டார்.

அன்றிலிருந்து விசாரணை நாள் வரை நான் இரண்டு பதில்களையும் மனதுக்குள் சொல்லிப் பார்த்தேன். கால்கள்தான் தெரிந்தன. இல்லை, முகம் தெரிந்தது. முதல் பதிலைச் சொல்லும்போது குரல் சரளமாக வந்தது. சோறு வடிக்கும்போது சொன்னேன், துணி பிழியும்போது சொன்னேன். விசாரணைக்குக் கிளம்பும்போது எதைச் சொல்வேன் என்று எனக்கே தெரியாது.

விடுமுறையில் இருந்த ஓர் ஆரம்பப் பள்ளியில் ஆர்.டி.ஓ. உட்கார்ந்திருந்தார். கரும்பலகையில் வாய்ப்பாடு அழிபடாமல் இருந்தது. இன்ஸ்பெக்டர் ஒருவர் பக்கத்தில் நின்றார்.

"கைக்குழந்தைய வச்சுக்கிட்டு, கலாட்டா நடக்கிற நேரத்துல, குடும்பப் பொம்பளைக்கு மாடியில என்ன வேலை?" என்று இன்ஸ்பெக்டர் கேட்டார்.

"டைப் அடிக்கக் குடுத்திருந்தேன் சார்."

"என்னது?"

"அமெரிக்காவில் அரசு நிர்வாகம் படிக்க விண்ணப்பம்."

"ஏன், இங்க பாக்குற நிர்வாகம் போதலையா?" என்றார். பின்னால் யாரோ சிரித்தார்கள்.

ஆர்.டி.ஓ. சிரிக்கவில்லை. தாழ்வாரத்தைக் காட்டினார். அங்கே பத்துப் பன்னிரண்டு போலீஸ்காரர்களை வரிசையாக நிறுத்தியிருந்தார்கள். "அடிச்ச ஆள் இதுல இருந்தா தொட்டுக் காட்டணும்மா. தூரத்துல நின்னு கை நீட்டக் கூடாது. தொடணும். இல்லன்னா, இல்லன்னு சொல்லிட்டுப் போகலாம்."

இல்லை என்று சொல்லிவிட்டுப் போகலாம். அவர் அதை அவ்வளவு சாதாரணமாகச் சொன்னார்.

வரிசையோரமாக நடந்தேன். கஞ்சி போட்ட காக்கி, தேங்காயெண்ணெய், வியர்வை எல்லாம் கலந்து வீசியது. அந்நிய ஆண்களுக்கு இவ்வளவு கிட்டே நான் நடந்ததே இல்லை. ஏட்டு நடுவில் நின்றார். என் தலைக்கு மேலே எங்கோ பார்த்துக்கொண்டிருந்தார். அவரைக் கடந்து ஓரடி போய்விட்டேன். அப்போது உதடு அசையாமல் சொன்னார்:

"கொயந்த நல்லா கீதாம்மா?"

மிரட்டினாரா, நிஜமாகவே கேட்டாரா என்று இன்றைக்கும் எனக்குத் தெரியாது. நான் திரும்பினேன். என் கை மேலே போனது தெரியும். எந்த வேகத்தில் இறங்கியது என்று தெரியாது. அவர் மார்பில் அது விழுந்த சத்தம் தாழ்வாரம் முழுக்கக் கேட்டது. தொப்பி கோணலாகப் போயிற்று. அவர் முதல் தடவையாக என்னை நேராகப் பார்த்தார். அது கோபப்பட்ட முகமாக இல்லை. அடி வாங்கிப் பழகாத முகமாக இருந்தது.

"தொட்டாப் போதும்மா" என்றார் ஆர்.டி.ஓ. "அடிக்கச் சொல்லலை."

"இவர்தான் சார்" என்றேன். உள்ளங்கை எரிந்தது. இன்னொரு அடி கொடுக்க வேண்டும் போல இருந்தது.

மாஸ்டர் மேலிருந்த வழக்கை எடுத்துவிட்டார்கள். ஏட்டை வேறு ஊருக்கு மாற்றினார்கள், அவ்வளவுதான். என்னைப் பற்றிய அறிக்கை, கலகக்காரர்களோடு தொடர்புள்ளவள் என்று போனதாகப் பிறகு கேள்விப்பட்டோம். பாஸ்போர்ட் தர முடியாது என்று கடிதம் வந்தது. காரணம் எழுதவில்லை. பல்கலைக்கழகத்தில் ஒரு வருஷம் இடத்தை வைத்திருந்தார்கள். மறு வருஷமும் அதே பதில் வந்ததால் வேறு யாருக்கோ கொடுத்துவிட்டார்கள்.

முதல் கடிதம் வந்த அன்று எனக்கு நிம்மதியாகத்தான் இருந்தது. குழந்தையை விட்டுவிட்டுப் போக வேண்டியதில்லை. அவளுக்குத் தலை வாரிவிட்டேன், ரசம் வைத்தேன். சாயங்காலம் கிணற்றடியில் பாத்திரம் தேய்த்துக்கொண்டிருந்தபோது, ஆகஸ்டில் அந்த ஊரில் குளிருமா என்று ஒரு நினைப்பு வந்தது. கையிலிருந்த மண்சட்டியைத் தூக்கித் துவைக்கிற கல்லில் அடித்தேன். அது தூள் தூளாகச் சிதறியது. பக்கத்திலிருந்த இன்னொன்றையும் எடுத்து அடித்தேன்.

என் கணவர் பின்வாசலுக்கு ஓடி வந்தார்.

"கை தவறிடுச்சா?" என்று கேட்டார்.

"இல்லை" என்றேன்.