வாசல் தொகுதி உறுப்பினர்

சர்க்கரை கேட்டு வந்தவர், நான் திறந்து வைத்திருந்த ஃப்ரிட்ஜைச் சாத்தினார். சாத்தியதோடு விடாமல் கைப்பிடியைப் பிடித்து மூன்று தடவை இழுத்துப் பார்த்தார். "லேசா சாத்துனா அது சாத்துனதே இல்ல சார்" என்று என்னையும் கண்டித்துவிட்டு, சர்க்கரைக் கிண்ணத்துடன் கிளம்பினார். போகிற போக்கில் என் பீரோவும் ஓர் இழுப்பு வாங்கிக்கொண்டது.

அவர் இந்த வீட்டின் சொந்தக்காரர். பின்கட்டில் நான் குடியிருக்கிறேன். நாடாளுமன்றத்தின் கீழ்ச்சபையில் அவர் கதவுக் காவலர். ஓட்டெடுப்பு என்றால் கட்டடம் முழுக்க மணி அடிக்குமாம். டீ குடிக்கிறவர், தூங்குகிறவர், தூங்கிக்கொண்டே டீ குடிக்கிறவர் என்று எல்லா உறுப்பினர்களும் அடித்துப் பிடித்து ஓடி வருவார்களாம். மணி நின்றதும் இவர் கதவைச் சாத்துவார். அதற்கப்புறம் யார் வந்து தட்டினாலும் திறக்க மாட்டார். ஒரு தடவை மந்திரி ஒருவர் வெளியே மாட்டிக்கொண்டு, தான் கொண்டுவந்த மசோதாவுக்குத் தானே ஓட்டுப்போட முடியாமல் கதவை இடித்திருக்கிறார். இவர் சாவித்துவாரத்தில் வாயை வைத்து, "உள்ள இருக்கிறவங்களுக்குத்தான் ஓட்டுங்க" என்று மரியாதையாகச் சொல்லியிருக்கிறார். லட்சம் பேர் ஓட்டுப்போட்டு உள்ளே அனுப்பியவரை ஒரு தாழ்ப்பாள் வெளியே நிறுத்திவிட்டது. அன்றிலிருந்து தெருவில் இவர் பெயரே தாழ்ப்பாள்தான்.

டிவி ரிமோட்டுக்காக வீட்டில் தினமும் அடிதடி நடந்த காலத்தில் இவர் நாடாளுமன்றத்தையே வீட்டுக்குக் கொண்டுவந்துவிட்டார். கீழ்வீடு கீழ்ச்சபை. மனைவி, மகள், மகன், மனைவியின் தம்பி, இவர் என்று அதில் ஐந்து உறுப்பினர்கள். மாடியில் இருக்கும் இவருடைய அக்காவும் அக்காவின் கணவரும் மேல்சபை. கீழ்ச்சபைக்கு வருஷா வருஷம் தேர்தல் உண்டு, மேல்சபை கலையாது. அதன் உறுப்பினர்கள் முறைவைத்து ஓய்வு பெற வேண்டும் என்பது விதி. அக்காவின் கணவர் தினமும் சாப்பிட்டதும் சாய்வு நாற்காலியில் ஓய்வு பெற்றுவிடுகிறார். அக்கா இதுவரை பெற்றதில்லை. பணம் சம்பந்தப்பட்ட மசோதாவில் மேல்சபை கைவைக்கக் கூடாது என்று தாழ்ப்பாள் சொன்ன அன்று, "அப்ப நான் எதுக்குடா, மாடிப்படிக்கு அழகுக்கா?" என்று கேட்டுவிட்டு அக்கா ஒரு வாரம் கீழே இறங்கவில்லை.

தேர்தலில் பிரஷர் குக்கர்தான் ஓட்டுப்பெட்டி. விரலில் வைக்கிற மை, மகளின் நகப்பூச்சு. சமையலறைத் தொகுதியில் மனைவி எப்போதும் போட்டியின்றித் தேர்வாவார். அவரை எதிர்த்து நிற்கிற நெஞ்சுரம் அந்த வீட்டில் யாருக்கும் கிடையாது. அப்புறம் அவரையே சபாநாயகராகவும் ஆக்கிவிடுவார்கள். குளியலறைத் தொகுதி மைத்துனருக்கு. பாதி நாள் அவர் அங்கேதான் இருக்கிறார். சோபா மகனுக்கு, மொட்டைமாடி மகளுக்கு, வாசல் தாழ்ப்பாளுக்கு. ஒரு வருஷம் ஆசை மிகுந்து மைத்துனர் வாசல் தொகுதியிலும் நின்று பார்த்தார். டெபாசிட்டாகக் கட்டிய குடை போனதுதான் மிச்சம். இன்னொரு வருஷம் எண்ணிக்கைக்கு முன்னால் அக்கா விஷயம் தெரியாமல் குக்கரை அடுப்பில் ஏற்றிவிட்டார். விசில் வந்தது, முடிவு வரவில்லை. மறுதேர்தல் நடத்த வேண்டியதாயிற்று.

எனக்கு ஓட்டு கிடையாது. ஜன்னலோரம் ஒரு ஸ்டூல் போட்டு அதைப் பார்வையாளர் மாடம் என்று கொடுத்திருக்கிறார்கள். சிரிக்கக் கூடாது, கை தட்டக் கூடாது. தும்மியதற்காக ஒரு தடவை வெளியேற்றப்பட்டிருக்கிறேன்.

நாய் வளர்க்கலாமா என்ற மசோதாவில் இரண்டுக்கு இரண்டு என்று சமமாக வந்தது. சமமாக வந்தால் மட்டும்தான் சபாநாயகருக்கு ஓட்டு. மனைவிக்கு நாய் என்றால் உயிர். அவர் கையைத் தூக்கப்போன நேரத்தில் தாழ்ப்பாள் குறுக்கே புகுந்து, "சபாநாயகர் புதுசா எதையும் கொண்டுவரக் கூடாதும்மா. சமமா வந்தா இருக்கிறது இருக்கிறபடியேதான். அதுதான் மரபு" என்று பெரிய உரையாற்றினார். அத்துடன் நாய் போயிற்று. வெகுநாளைக்கு இவர் தட்டில் மட்டும் உப்பு இல்லை.

அந்த மரபுதான் போன ஞாயிற்றுக்கிழமை அவர் வீட்டுக்கே வினையாக வந்தது.

மகள் லிஃப்ட் மெக்கானிக். கடல் தாண்டி ஒரு கம்பெனி அவளை வேலைக்குக் கூப்பிட்டிருக்கிறது. மறுநாளுக்குள் பதில் சொல்லாவிட்டால் வேறு ஆளைப் பார்த்துக்கொள்வார்களாம். வாரத்துக்கு இரண்டு தடவை போன் பேச வேண்டும் என்ற திருத்தத்தோடு, அவளை அனுப்பும் மசோதாவை மேல்சபை நிறைவேற்றிக் கீழே அனுப்பிவிட்டது. கீழேதான் சிக்கல். மகளும் மகனும் ஒரு பக்கம். எதிர்ப்பக்கத்தில் தாழ்ப்பாளும் மைத்துனரும். அவள் போய்விட்டால் தன் மோட்டார் சைக்கிளை ஓசியில் யார் ரிப்பேர் பார்ப்பார்கள் என்பது மைத்துனரின் கவலை. எப்படி எண்ணினாலும் இரண்டுக்கு இரண்டு. சமமாக வந்தால் நாய்க்கு நடந்ததுதான் அவளுக்கும். ஓட்டெடுப்புக்கு முன்பே எல்லோருக்கும் அது தெரிந்திருந்ததால் வீடே உம்மென்று இருந்தது.

விவாதத்தில் தாழ்ப்பாள் கேட்டது ஒரே கேள்வி. "லிஃப்ட்டு மேல போகும், கீழ வரும். அதைப் பார்க்க அவ்ளோ தூரம் போகணுமா?"

"இங்க என்னை ஸ்பேனர் எடுத்துக் குடுக்கத்தான்பா விடுறாங்க. அங்க நான் தனியா ஒரு லிஃப்ட்டைப் பார்க்கலாம்" என்றாள் மகள்.

எனக்குத் தாழ்ப்பாளின் நிலைமை புரிந்தது, பாவமாகவும் இருந்தது. நாளெல்லாம் ஊராருக்குக் கதவைச் சாத்திவிட்டு வருகிற மனிதர். வீட்டுக்கு வந்து செருமினால் போதும், ஓடிவந்து கதவைத் திறப்பவள் அவள்தான். மற்றவர்களுக்கு டிவி சத்தத்தில் காது கேட்காது.

சபாநாயகர் முகத்தைத் திருப்பிக்கொண்டு தட்டைக் கரண்டியால் அடிக்க ஆரம்பித்தார். அதுதான் ஓட்டெடுப்பு மணி. குளியலறைத் தொகுதி உறுப்பினர் முகமெல்லாம் சோப்பு நுரையோடு ஓடிவந்து, கண்ணைத் திறக்க முடியாமல் டிவியைப் பார்த்து நின்றுகொண்டார். மகன் சோபாவிலிருந்து எழுந்தான். மகள் கையைக் கட்டிக்கொண்டு தரையையே பார்த்தபடி நின்றாள். தாழ்ப்பாள் வழக்கம்போல் கதவைச் சாத்த வாசலுக்குப் போனார்.

போனவர் கதவில் கையை வைத்தார். மகளைத் திரும்பிப் பார்த்தார். "செருப்பு வெயில்ல கெடக்கு, எடுத்து வெச்சிட்டு வரேன்" என்றார். அது வெயில் இல்லாத நாள். செருப்பும் உள்ளேதான் இருந்தது.

வெறுங்காலோடு வெளியே இறங்கிக் கதவைச் சாத்தினார். மணி நின்றது.

"மாமா எங்க? அவரைக் கூப்பிடுங்க, ஓட்டு குறையுது" என்று மைத்துனர் நுரைக்குள்ளிருந்து பதறினார்.

சபாநாயகர் கரண்டியைக் கீழே வைத்தார். "கதவு சாத்தியாச்சு. உள்ள இருக்கிறவங்களுக்குத்தான் ஓட்டு."

இரண்டு கைகள் உயர்ந்தன. எதிர்த்து ஒரு கை, நுரையோடு. மாடத்தில் கை தட்டக் கூடாது என்பதால் நான் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன்.

வெளியே தாழ்ப்பாள் கதவின் கைப்பிடியைப் பிடித்து, நன்றாகச் சாத்தியிருக்கிறதா என்று மூன்று தடவை இழுத்துப் பார்த்துக்கொண்டிருந்தார்.