வெள்ளிக்கிழமைப் பசி

“கொஞ்சம் தண்ணி கிடைக்குமா? சில்லுனு இருந்தா புண்ணியமாப் போகும்.”

படியேறி வந்த மூச்சிரைப்பு அடங்கும் முன்பே கேட்டுவிடுவார். வெளியே மழை கொட்டினாலும் அதே கேள்விதான். வீட்டுக்காரம்மா ஃபிரிட்ஜைத் திறக்கிற அந்த ஒரு நொடியில், வாசலில் நின்றபடியே பார்க்க வேண்டியதைப் பார்த்துக்கொள்வார். கதவுத் தட்டில் பாதி காலியான கலர் பாட்டில், மேல்தட்டில் ரொட்டிப் பொட்டலம், காய்கறி வைக்கிற இழுப்பறையில் கண் சொட்டு மருந்தும் இரண்டு பேட்டரியும். காய்கறி இழுப்பறையில் காய்கறி இருக்கிற வீடுகள் குறைவு. பிறகு தம்ளரை வாங்கிக் கடைசிச் சொட்டு வரை குடிப்பார். மிச்சம் வைத்தால் கொடுத்தவர் மனசு கோணும் என்பது அவர் கட்சி. சிகிச்சைக்கு வரும் பிள்ளைகளின் வீடுகளுக்கு அவர் போகிற நாளில் வயிறு தண்ணீர்த் தொட்டியாகிவிடும். எந்தக் கடையில் கழிவறை சுத்தமாக இருக்கும் என்பது அந்த வட்டாரத்தில் அவருக்குத் தெரிந்த அளவு வேறு யாருக்கும் தெரியாது.

குழந்தைகள் மருத்துவமனையில் உணவு ஆலோசகர். குள்ளம், பூசினாற்போல் உடம்பு, தரையில் ஏதோ தீப்பற்றிவிட்டது போல ஒரு நடை. எடை கூடிய பிள்ளைகள் வரும் பிரிவில் அவருக்கு ‘கேரட் மிஸ்’ என்று பெயர். பிள்ளைகள் வைத்ததுதான். உண்மையில் கேரட் என்றாலே அவருக்கு ஆகாது. அந்த வாசனைக்கே மூக்கைச் சுளிப்பார். “தொழில் ரகசியம், வெளிய சொல்லிடாதீங்க” என்று கண்ணடிப்பார்.

அவர் கணவருக்கு ஒரே ஒரு குறை உண்டு. “ஊர்ல இருக்கிற ஃபிரிட்ஜ் எல்லாம் இவளுக்கு அத்துப்படி. நம்ம வீட்டு ஃபிரிட்ஜ்ல என்ன இருக்குன்னு கேளுங்க பார்ப்போம்!”

வேலையில் சேர்ந்த புதிதில் அவரும் எல்லோரையும் போலத்தான் பேசினார். மேசை மேல் பிளாஸ்டிக் ஆப்பிள், பிளாஸ்டிக் முட்டை, பிளாஸ்டிக் அவரைக்காய். அவற்றைத் தட்டில் அடுக்கிக் காட்டுவார். பொரித்தது வேண்டாம், இனிப்பைக் குறையுங்கள், தினமும் ஓடி விளையாடட்டும். தாய்மார்கள் தலையை ஆட்டுவார்கள். அடுத்த முறை சிலர் வருவார்கள், பலர் வரமாட்டார்கள். வராதவர்களை ‘ஒத்துழைப்பு இல்லை’ என்று எழுதி மூடிவிடுவது வழக்கம்.

அந்த வழக்கத்தை உடைத்தது ஒரு ஒன்பது வயதுப் பெண்பிள்ளை.

பிள்ளையின் அம்மா பணிமனையில் பஸ் கழுவுகிறவர். எலும்பும் தோலுமாக இருப்பார். மகளோ வயதுக்கு மீறிய கனம். ரத்தத்தில் சர்க்கரை ஏறத் தொடங்கியிருந்தது. அதன் அடையாளமாகக் கழுத்தைச் சுற்றி ஒரு கருமை. அழுக்கு என்று நினைத்து அம்மா தேய்த்துத் தேய்த்துத் தோலே கன்றிப் போயிருந்தது. பஸ்ஸில் முன்பின் தெரியாதவர்கள்கூட, “பிள்ளைக்கு இப்படியா தீனி போடுவாங்க?” என்று கேட்டுவிட்டு இறங்கிப் போவார்கள். ஒரு நாள் அந்த அம்மா அழுதுகொண்டே வந்தார்.

“ஸ்கூல்ல மதியம் மூணு தட்டு சாப்பிட்டாளாம் மேடம். டீச்சர் என்னைக் கூப்பிட்டு வச்சுத் திட்டுறாங்க.”

கேரட் மிஸ் பிள்ளையின் பக்கம் திரும்பினார். “தினமுமா கண்ணு?”

“வெள்ளிக்கிழமை மட்டும்.”

“ஏன், அன்னைக்குச் சாப்பாடு அவ்ளோ ருசியா இருக்குமா?”

“ருசிலாம் இல்ல. அடுத்த ரெண்டு நாள் ஸ்கூல் இல்லைல்ல? அதான் சேர்த்துச் சாப்பிட்டுக்கிட்டேன்.”

ஊருக்குப் போகிறவர் பெட்டியில் துணி அடுக்கிக்கொண்டதைச் சொல்வது போல, அவ்வளவு சாதாரணமாகச் சொன்னாள். அம்மா தலையைக் குனிந்துகொண்டார்.

“மாசக் கடைசில கொஞ்சம் இழுபறிதான் மேடம். ரொட்டி, நூடுல்ஸ், கலர் பாட்டில்னு எது மலிவோ அதை வாங்கி வயித்தை ரொப்பிடுவேன். அவளுக்குக் குறை வச்சதில்ல. நான் வேலை செய்யற இடத்துலயே சாப்பிட்டேன்னு சொல்லிருவேன். அவளும் நம்பிருவா.”

“நான் நம்பவே இல்லியே” என்றாள் மகள்.

மேசை மேலிருந்த பிளாஸ்டிக் அவரைக்காயைக் கையில் வைத்து உருட்டிக்கொண்டிருந்த கேரட் மிஸ், அதை இழுப்பறைக்குள் போட்டு மூடினார். ஆப்பிளையும் முட்டையையும் அதோடு சேர்த்தார். அப்புறம் நேராகப் பெரிய டாக்டரின் அறைக்குப் போனார்; கதவைத் தட்டினாரா என்பது அவருக்கே ஞாபகமில்லை.

“சார், பசியோட இருக்கிற பிள்ளைங்கதான் குண்டாகிட்டு வருதுங்க.”

“பசிச்சா இளைக்கத்தானேம்மா வேணும்?”

“சோறு எப்ப வரும்னு தெரியாத வயிறு, வந்த அன்னைக்கு நிரப்பிக்கும் சார். அதுவும் எது கிடைக்குதோ அதை வச்சு.”

பெரிய டாக்டர் கெட்டவர் அல்ல; லேசில் மசியாதவர். கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டே, “ஒரு வீட்டை வச்சு வைத்தியத்தை மாத்த முடியாது. நிரூபிச்சுக் காட்டு. நானும் கூட நிக்கிறேன்” என்றார்.

அப்படித்தான் ஆராய்ச்சி தொடங்கியது. முதல் வேலை, வீட்டில் சாப்பாட்டுக்குத் தட்டுப்பாடு உண்டா என்று வருகிற எல்லோரிடமும் கேட்பது. கேட்பது அவ்வளவு சுலபமாக இல்லை. பெரிய டாக்டர் தானே கேட்டுப் பார்க்கிறேன் என்று கிளம்பி, திருட்டுக் கேஸ் விசாரிக்கிற தோரணையில், “வீட்டுல சாப்பாடு இருக்கா, இல்லையா?” என்று கேட்டார். தாய்மார்கள் கையிலிருந்த பையை இறுக்கிப் பிடித்துக்கொண்டு, “எல்லாம் இருக்கு சார்” என்று எழுந்துவிட்டார்கள்.

“சார், இருமல் இருக்கான்னு கேக்கிற குரல் ஒண்ணு வச்சிருக்கீங்களே, அந்தக் குரல்ல கேளுங்க” என்றார் கேரட் மிஸ். வார்த்தைகளையும் அவரே சொல்லிக்கொடுத்தார்: “நிறைய வீட்டுல மாசக் கடைசில சாமான் தட்டிப்போகுது. உங்க வீட்டுலயும் அப்படி ஆகறதுண்டா?” நிறைய வீடு என்று கேட்டதும் குனிந்த தலைகள் நிமிர்ந்தன. நாங்கள் மட்டும் இல்லையா என்ற நிம்மதியில் சிலர் அழுதார்கள். வராமல் போனவர்களின் வீடுகளுக்குக் கேரட் மிஸ்ஸே படியேறிப் போய்த் தண்ணீர் கேட்டார்; அந்த ‘ஒத்துழைப்பு இல்லாத’ வீடுகளில் பாதிக்கு மேல் பசித்த வீடுகள் என்று தெரிந்தது.

அடுத்தது காய், முட்டை, பருப்பு, பழம் போட்ட பை. பாதிக் குடும்பங்களுக்கு வாரா வாரம் பையும் ஆலோசனையும். மீதிப் பேருக்கு ஆலோசனை மட்டும். ஒரு வருடம் கழித்து ஒப்பிட்டுப் பார்ப்பார்கள். யார் எந்தப் பக்கம் என்பதைக் குலுக்கல் முடிவு செய்யும்.

குலுக்கலில் அந்த ஒன்பது வயதுப் பிள்ளைக்குப் பை விழவில்லை.

கேரட் மிஸ் மாடிப்படியில் போய் உட்கார்ந்துவிட்டார். அறை முழுக்கப் பைகள் அடுக்கியிருக்கின்றன. ஒன்றை எடுத்துக் கொடுத்தால் யாருக்குத் தெரியப்போகிறது? ஆனால் ஒரு பை மாறினால் மற்ற எல்லாப் பையும் பொய்யாகிவிடும். அன்று வீட்டில் சாப்பிடாமல் உட்கார்ந்திருந்த மனைவிக்கு, கேலி பண்ணும் கணவரே தட்டில் சோறு போட்டுக் கொண்டுவந்து வைத்தார்.

மறுநாள் அந்த அம்மாவிடம் ஒளிக்காமல் சொன்னார். தர்ம சாப்பாடு கிடைக்கும் இடங்களின் முகவரிகளை எல்லாக் குடும்பங்களுக்கும் கொடுத்தது போலவே அவருக்கும் கொடுத்தார். அந்த அம்மா தாளை மடித்து முந்தானையில் முடிந்துகொண்டார்.

“பை இல்லேன்னு நாங்க வராம இருந்துட்டா உங்க ஆராய்ச்சி கெட்டுப் போகுமா மேடம்?”

“கெட்டுப் போகும்.”

“பை கொடுத்தா பிள்ளைங்க தேறுதுன்னு ஆச்சுன்னா, எல்லாருக்கும் கொடுப்பாங்களா?”

“கொடுக்க வைப்பேன்.”

“அப்ப நாங்க வர்றோம்.”

வந்தார்கள். ஒரு முறைகூடத் தவறவில்லை. இரவு வேலை முடிந்து ஈரக் காலோடு வந்து எடை பார்க்கும் மேடைக்கு அருகில் நின்றுகொண்டே தூங்குவார் அந்த அம்மா. அவரைப் பார்த்து, பை கிடைக்காத மற்றக் குடும்பங்களும் விடாமல் வந்தன.

வருட முடிவில் எண்கள் பேசின. பை போன வீடுகளில் பெரும்பாலான பிள்ளைகளுக்கு எடை ஏறுவது நின்றிருந்தது, சர்க்கரை இறங்கியிருந்தது. வெறும் ஆலோசனை கேட்ட பிள்ளைகள் இருந்த இடத்திலேயே இருந்தார்கள். சிலர் இன்னும் மோசம். பெரிய டாக்டர் தாளைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். “பிளாஸ்டிக் ஆப்பிளைக் காட்டிக் காட்டியே இத்தனை வருஷம் ஓட்டிட்டோமேம்மா!” என்று சொல்லிவிட்டு, வாய்விட்டுச் சிரித்தார்.

மருத்துவமனை நிர்வாகக் குழுக் கூட்டத்தில் ஒரு பெரியவர் கேட்டார்: “ஏற்கெனவே குண்டா இருக்கிற பிள்ளைங்களுக்கு இன்னும் சாப்பாடு கொடுக்கச் சொல்றீங்களா?”

இந்தக் கேள்விக்காகவே காத்திருந்தவர் போல எழுந்தார் கேரட் மிஸ். “நாளைக்குச் சாப்பாடு நிச்சயம்னு தெரிஞ்ச பிள்ளை இன்னைக்கு ஒரு தட்டோட எழுந்திரிச்சிடும் சார். அந்த நிச்சயத்தைத்தான் கொடுக்கச் சொல்றேன்.”

முதலில் உயர்ந்த கை பெரிய டாக்டருடையது. அப்புறம் கைகள் மளமளவென்று உயர்ந்தன. கேள்வி கேட்டவர் கடைசியாக, ஆனால் நன்றாகவே உயர்த்தினார்.

இப்போது மருந்துக்கடைக்குப் பக்கத்து அறை முழுக்க முட்டை அட்டை, கீரைக் கட்டு, பயறு மூட்டை. டாக்டர் சீட்டில் மருந்தோடு காயும் எழுதுகிறார். முதல் நாள் அந்த பஸ் கழுவுகிற அம்மா இரண்டு கையிலும் பை பிடித்து, யாரையும் தூக்க விடாமல் நடந்து போனார். அடுத்த பரிசோதனையில் மகளின் சர்க்கரை இறங்கியிருந்தது. கழுத்துக் கருமையும் வெளுக்கத் தொடங்கியிருந்தது. அம்மாவின் கன்னத்திலும் லேசாகச் சதை. “ரெண்டு பேருக்கும் ஆராய்ச்சி பலிச்சிருச்சு மேடம்” என்று சிரித்தார் அவர்.

போன வாரம் அந்த அறைக்குத் தானாக மூடிக்கொள்ளும் புதுக் கதவு போட்டார்கள். காய் வாடாமல் இருக்குமாம். நல்லதுதான். ஆனால், உள்ளே முட்டை எண்ணிக்கொண்டிருந்த கேரட் மிஸ் கதவிலிருந்த கண்ணாடி வழியாக ஒன்றைக் கவனித்தார். புதிதாக வந்த ஒரு தாய், இடுப்பில் ஒன்றும் கையில் ஒன்றுமாகப் பிள்ளைகளோடு, மறு கையில் சீட்டுடன் கதவுக்கு வெளியே நிற்கிறார். மூடிய கதவைப் பார்க்கிறார், தன் சீட்டைப் பார்க்கிறார், தள்ளலாமா என்று யோசிக்கிறார், மெல்லத் திரும்புகிறார்.

கேரட் மிஸ் முட்டையைக் கீழே வைத்தார். ஓடிப்போய்க் கதவை அகலத் திறந்தார். இடது காலிலிருந்த செருப்பைக் கழற்றி, கதவின் அடியில் திணித்து, குதிகாலால் ஓங்கி ஓர் உதை விட்டார். கதவு அசையாமல் நின்றது.

“வாங்கம்மா, உள்ள வாங்க!” என்று கூப்பிட்டுவிட்டு, ஒற்றைச் செருப்போடு விந்தி விந்திக் கீரைக் கட்டுகளை நோக்கி நடந்தார்.