பாதியில் நிற்கும் ப்ளோயர்

எரிவாயு தகன மேடையில் நான் ஆபரேட்டராகச் சேர்ந்தது அப்பாவுக்குப் பிடிக்கவில்லை. இளவயதில் அதே சுடுகாட்டில் பிணம் எரித்தவர் அவர். பிள்ளைகள் யாரும் அந்தப் பக்கம் கால் வைக்கக் கூடாது என்றுதான் என்னை டிப்ளமோ படிக்க வைத்தார். சிங்கப்பெருமாள் கோயிலிலிருந்து கம்பெனி வேனில் போய்ச் சில வருடங்கள் ஒப்பந்த வேலை பார்த்தேன். ஆட்களைக் குறைத்தபோது முதலில் எங்களைத்தான் நிறுத்தினார்கள். அதற்குப் பிறகு கிடைத்தது இந்த வேலை.

"மிஷினு வேலை நைனா. பட்டன் அமுக்கறது, அவ்ளோதான்" என்றேன்.

"எங்க நின்னு அமுக்கப் போற?" என்று கேட்டுவிட்டு அப்பா வெளியே போய்விட்டார்.

மேடை என்பது ஒரு தகரக் கொட்டகை. நடுவில் பிணத்தை வைக்கும் செங்கல் அறை, பக்கத்தில் விறகு உலை. உலையில் சவுக்குக் கட்டைகளைப் போட்டு மூடினால் அவை புகைந்து வாயு வரும். அந்த வாயுவை இழுத்து அறைக்குள் தள்ளுவது ப்ளோயர். அது ஓடினால் அறைக்குள் தீ சீறிப் பாயும், காலையில் வைத்தால் மதியத்துக்குள் எல்லாம் முடிந்துவிடும். அது நின்றால் தீ அணைந்துவிடும். உள்ளே இருப்பவர் பாதியில் இருப்பார்.

முதல் மழைக்காலத்திலேயே அது நிற்க ஆரம்பித்தது. கரண்ட் கோளாறு என்று நினைத்து வோல்டேஜ் பார்த்தேன், சரியாக இருந்தது. பேனலில் மோட்டார் கருகாமல் காக்கும் ரிலே விழுந்திருக்கும். அமுக்கிவிட்டால் ஓடும், கொஞ்ச நேரத்தில் மறுபடி விழும். ரிலேயை மாற்றினேன். ஒயர்களைக் கழற்றிச் சுரண்டி மறுபடி இறுக்கினேன். பிறகு மோட்டாரையே கழற்றி ஷேர் ஆட்டோவில் ஏற்றிக்கொண்டு செங்கல்பட்டில் காயில் கட்டும் பாயிடம் போனேன். அவர் மீட்டரை வைத்துப் பார்த்துவிட்டு, "காயிலு நல்லா கீது மச்சான். வேற எங்கியாவது பாரு" என்று திருப்பிக் கொடுத்துவிட்டார்.

மிச்சமிருந்தது ப்ளோயரின் கூடுதான். அதைத் திறந்தேன். விசிறியின் றெக்கைகளில் விரல் தடிமனுக்குக் கறுப்புப் பிசின் அப்பியிருந்தது. ஈரக் கட்டை எரியும்போது வரும் தார் அது. அந்தப் பாரத்தோடு விசிறி சுற்ற முடியாமல் சுற்றியதால்தான் ரிலே விழுந்துகொண்டிருந்தது. உளியால் சுரண்டி, மண்ணெண்ணெய் விட்டுத் துடைத்தேன். புதிது போல ஓடியது. அன்று எனக்கு இருந்த சந்தோஷத்தை யாரிடமும் சொல்ல முடியவில்லை. சுடுகாட்டு மிஷின் நன்றாக ஓடுகிறது என்று வீட்டில் போய் எப்படிச் சொல்வது?

அடுத்த வாரமே மறுபடி நின்றது. கட்டைகள் மாமல்லபுரம் கடலோரத் தோப்புகளிலிருந்து வெட்டிய ஈரத்தோடு வரும். இங்கே வெட்டவெளியில் கிடந்து மழையில் இன்னும் ஊறும். கட்டை கொண்டுவருபவரிடம் காய்ந்ததாகக் கேட்டேன். "இந்த மழையில காஞ்ச கட்டைக்கு நான் எங்க போறது?" என்றார். கட்டைக்கு ஒரு கூரை போட்டுத் தரும்படி பஞ்சாயத்து ஆபீசில் கேட்டேன். பார்க்கலாம் என்றார்கள். நானே ஒரு தார்ப்பாய் வாங்கிக் கட்டினேன். ஒரு காற்று மழையில் அது கிழிந்து கருவேல மரத்தில் தொங்கியது. கோளாறு எது என்று தெரியாத வரைக்கும் எனக்குக் கொஞ்சம் நம்பிக்கை இருந்தது. தெரிந்த பிறகு அதுவும் இல்லை. நிற்கும்போதெல்லாம் சுரண்டுவேன். அவ்வளவுதான்.

கார்த்திகை மழையில் ஒருநாள் படாளம் பக்கத்திலிருந்து ஒரு பெரியவரைக் கொண்டுவந்தார்கள். கரும்பு வெட்டியவர். கூடவே அவர் மனைவியும் வந்திருந்தார். எங்கள் பக்கம் பெண்கள் சுடுகாட்டுக்கு வருவதில்லை. மகன் இல்லை, ஒரே மகள் நிறைமாதம், மருமகன் மட்டும் எப்படித் தனியாக நிற்பான் என்று வந்துவிட்டதாகச் சொன்னார்.

தீ பிடித்து அரைமணி நேரம்கூட ஆகவில்லை, ப்ளோயர் நின்றது. வாயு வரும் வால்வை மூடிவிட்டுக் கூட்டைத் திறந்தேன். மேடையில் என்னோடு கட்டை அடுக்கும் வேலை பார்த்த அண்ணன் விசிறி நகராமல் கம்பியால் முட்டுக் கொடுக்க, சூட்டோடு சூடாகப் பிசினைச் சுரண்டினேன். மாட்டி ஓடவிட்டால் விசிறி கிறீச்சிட்டது. பாய்க்குப் போன் போட்டேன். மழையில் நனைந்துகொண்டே பைக்கில் வந்தார்.

"பேரிங் போயிட்சி. இந்த சைசு என்கிட்ட இல்ல, மெட்ராஸ்லதான் வாங்கணும்" என்றார். கிரீஸ் அப்பி ஓட்டிப் பார்த்தார். கொஞ்ச நேரம் ஓடியது. பிறகு காயில் கருகும் நாற்றம் வந்தது. அவரே சுவிட்சை அணைத்துவிட்டார்.

மருமகன் என் சட்டையைப் பிடித்தான். "மனுசனப் பாதியில வச்சிகினு இன்னாடா ஆராய்ச்சி பண்ணிகினு கீற?"

நான் அவன் கையை எடுத்துவிடக்கூட இல்லை. அந்த அம்மாதான் அவனை விலக்கினார். "இப்போ இன்னா தம்பி பண்றது?" என்று என்னைக் கேட்டார்.

"உள்ளயே கட்டை போட்டு எரிக்கணும்மா. ஆனா இங்க காஞ்ச கட்டை ஒண்ணுகூட இல்ல."

அந்த அம்மா மருமகனிடம், "வூட்ல அடுப்புக்கு வச்ச வெறகு கீது, போய் அள்ளிகினு வா" என்றார். "மழைக்கு ஆவும்னு அவருதான் ஒடச்சி அடுக்கி வச்சாரு."

அவன் அழுதுகொண்டே போனான். சின்ன லாரி ஒன்றில் சாக்குப் போட்டு மூடிய விறகோடு திரும்பினான். அம்மாவை வெளியே நிற்கச் சொல்லிவிட்டு அறைக் கதவைத் திறந்தேன். நீளக் கம்பியால் விறகை ஒவ்வொன்றாக உள்ளே தள்ளினோம். நான் பார்த்ததை எழுதப் போவதில்லை. விறகு நன்றாகக் காய்ந்திருந்தது, சடசடவென்று பற்றிக்கொண்டது. சாயங்காலம் வரை கம்பியால் கிளறிக்கொண்டே இருந்தேன்.

சாம்பலை மண் பானையில் அள்ளிக் கொடுத்தபோது அந்த அம்மா உள்ளே எட்டிப் பார்த்தார்.

"இதுல அவரு எது தம்பி, வெறகு எது?"

"வெள்ளையா எலும்பா இருக்கறது அவரும்மா."

"மத்தது?"

"ரெண்டும் கலந்துதான் கீது" என்றேன். அவர் தலையாட்டிவிட்டுப் பானையின் வாயைத் துணியால் கட்டிக்கொண்டார். என்னைத் திட்டியிருந்தால் எனக்குக் கொஞ்சம் லேசாக இருந்திருக்கும்.

பேரிங் வாங்கித் தரும்படி மறுநாளே ஆபீசில் கேட்டேன். அது வரவில்லை. தை பிறப்பதற்குள் 'பழுது காரணமாக இயங்காது' என்று பலகை எழுதி மேடையின் கேட்டில் தொங்கவிட்டார்கள். கட்டை அடுக்கும் அண்ணன் கட்டட வேலைக்குப் போய்விட்டார். ஊரில் யாராவது இறந்தால் இப்போது பாலாற்று மணலில் வைத்து எரிக்கிறார்கள். மழை நாளில் அங்கே என்ன செய்கிறார்கள் என்று நான் விசாரிக்கவில்லை. என் பழைய கம்பெனியின் வாசலில் தினக்கூலிக்கு ஆள் எடுக்கிறார்கள். காலையில் போய் நிற்பேன். சில நாள் உள்ளே கூப்பிடுவார்கள். கூப்பிடாத நாளில் வெயில் ஏறும்வரை நின்றுவிட்டு பஸ் ஏறுவேன்.