அக்காவிடம் விசாரித்தவர்கள்

முதலில் என் முட்டாள்தனத்தைச் சொல்லிவிடுகிறேன். பிறர் சொல்லி நீங்கள் கேட்பதைவிட நானே சொல்வது மேல். அக்காவின் முதலாம் ஆண்டு நினைவு மலருக்குக் கட்டுரை வேண்டும் என்று அச்சகத்துக்காரர் கேட்டார். எனக்கு ஒரு வரிகூட ஓடவில்லை. வீட்டில் கிடந்த வேறொருவருடைய நினைவு மலரை எடுத்தேன். அதில் ஒரு மகன் தன் தந்தையைப் பற்றி உருக்கமாக எழுதியிருந்தார். ‘தந்தை’ என்று இருந்த இடத்தில் எல்லாம் ‘அக்கா’ என்று போட்டுக் கொடுத்துவிட்டு, நல்ல காரியம் செய்த களைப்பில் பிரியாணி சாப்பிடப் போய்விட்டேன். பிழை திருத்த வந்த தாளை என் மனைவி உரக்க வாசித்தார்: “எங்கள் அக்காவின் முறுக்கு மீசையைக் கண்டாலே தெரு அடங்கும்.”

வாசித்துவிட்டு என்னைப் பார்த்தார். “ஏங்க, மதினிக்கு எப்பங்க மீசை முளைச்சுச்சு?”

அக்காவுக்கு மீசை இருந்ததில்லை என்பதை உறவினர்களுக்கும் நண்பர்களுக்கும் இதன் மூலம் உறுதி செய்கிறேன். தெரு அடங்கியது மட்டும் உண்மை.

அந்தத் தாளைக் கிழித்துப் போட்டுவிட்டு உட்கார்ந்தேன். பாருங்கள், பேனா ஓட ஆரம்பித்துவிட்டது! அக்காவைப் பற்றி இரவல் வாங்கி எழுத வேண்டிய அவசியமே இல்லை. உள்ளதை உள்ளபடி எழுதினாலே இந்த மலர் தாங்காது.

அக்கா பிறந்தது ஆத்தூர்ப் பக்கம் ஒரு சிற்றூரில். வெங்காயமும் கடலையும் போட்ட குடும்பம். மழை தொடர்ந்து ஏமாற்றவே, அப்பா எங்களைக் கூட்டிக்கொண்டு திண்டுக்கல்லுக்கு வந்து மண்டி வேலைக்குச் சேர்ந்தார். நாகல் நகரில் குடியிருந்தோம். அக்கா பள்ளிப் படிப்பை முடித்ததும் மாப்பிள்ளை பார்த்தார்கள். அப்பா ஒழுங்காகத்தான் விசாரித்தார். மாப்பிள்ளையின் ஊருக்கே போய், டீக்கடையில் கேட்டார், பக்கத்து வீட்டில் கேட்டார், கோயில் வாசலில் கேட்டார். எல்லோரும் ஒரே குரலில் ‘தங்கமான பையன்’ என்றார்கள். அந்தத் தங்கம் விடிந்ததும் குடிக்கும், குடித்தால் அடிக்கும் என்பது சொன்னவர்கள் அத்தனை பேருக்கும் தெரியும். கூடி வருகிற காரியத்தை நாம் ஏன் கெடுக்க வேண்டும் என்று வாயை மூடிக்கொண்டார்கள். ஆடிக்கு அழைத்து வந்த அக்கா, ஆவணி பிறந்த பிறகும் திரும்பிப் போகவில்லை. அப்புறம் எப்போதுமே போகவில்லை.

தையல் கற்றுக்கொண்டார். எங்கள் தெரு தொடங்கும் இடத்திலேயே சின்னதாய் ஒரு கடை போட்டார். இங்கேதான் வேடிக்கை ஆரம்பமாகிறது. கல்யாணத்துக்கு விசாரிக்க வருகிறவர்கள் தெருமுனையில் முதலில் பார்ப்பது யாரை? அக்காவை. காலையிலிருந்து இருட்டும் வரை ஒரே இடத்தில் உட்கார்ந்து தெருவைப் பார்த்தபடி மிஷினை மிதிக்கும் ஒரு பெண்மணிக்குத் தெரியாதது என்ன இருக்கப்போகிறது என்று எல்லோரும் அங்கே நின்றார்கள். தங்கம், வைரம் என்ற பேச்சே அக்காவிடம் கிடையாது. தாம் கண்ணால் பார்த்ததை மட்டும் சொல்வார். காதால் கேட்டதைச் சொல்ல மாட்டார். இன்னொன்றும் உண்டு, எனக்குத் தெரிந்து இதை வேறு யாரும் செய்ததில்லை. ஒருவரைப் பற்றி என்ன சொன்னாரோ, அதை அன்று மாலையே அவர் வீட்டுக்குப் போய் அவர் முகத்துக்கு நேராகவும் சொல்லிவிட்டு வருவார்.

நினைத்துப் பாருங்கள், வரவேற்பு எப்படி இருந்திருக்கும்! ஒருமுறை ஒரு தாய் கடைக்கே வந்து நின்றுகொண்டு கத்தினார்.

“எம்மகன் குடிக்கிறான்னு சொன்னியாமே?”

“சொன்னேன்க்கா. சாயங்காலம் வந்து உங்ககிட்டயும் சொன்னேன்ல? அவன விடச் சொல்லுங்க. விட்டுட்டான்னா நானே பஸ் ஏறிப் பொண்ணு வீட்டுக்குப் போயி, விட்டுட்டான்னு சொல்லிட்டு வாரேன்.”

அந்த வீட்டுத் துணிகள் அதன்பிறகு அக்கா கடைக்கு வரவில்லை. அக்கா கவலைப்படவும் இல்லை. குறை சொல்வதுதான் அவர் தொழில் என்று நினைத்துவிடாதீர்கள். தெருவே ஒரு பெண்ணைப் பற்றித் தப்பாகப் பேசிக்கொண்டிருந்த காலத்தில் விசாரிக்க வந்தவர்களிடம் அக்கா சொன்னது இதுதான்: “அந்தப் பிள்ள பஸ்ஸுல யாருகூடப் பேசுச்சுன்னு எனக்குத் தெரியாது. படுக்கையாக் கெடந்த அப்பனத் தூக்கிக் குளிப்பாட்டுனது தெரியும். அதுக்கு மேல என்ன வேணும் உங்களுக்கு?” அந்தப் பெண் இன்று இரண்டு பிள்ளைகளோடு நலமாக இருக்கிறார், இந்த மலர் அவர் கையிலும் இருக்கும்.

சரி, என் கதைக்கு வருகிறேன். எழுத நினைத்தாலே கை துள்ளுகிறது!

எனக்குச் சிறு வயதிலிருந்து வலிப்பு உண்டு. நெருங்கிய உறவினர்கள் அறிவீர்கள். மற்றவர்கள் இப்போது அறிந்துகொள்ளுங்கள். எனக்குப் பெண் பார்க்கத் தொடங்கியபோது அம்மா எல்லோரிடமும் ஒரே சொல்லாகச் சொல்லி வைத்திருந்தார், வலிப்பைப் பற்றி மூச்சு விடக்கூடாது என்று. தரகர் ஒரு படி மேலே போய், ‘அக்காவை நல்ல இடத்தில் கட்டிக்கொடுத்தாச்சு’ என்றும் சேர்த்துக்கொண்டார். வத்தலக்குண்டில் ஓர் இடம் அமைந்தது. பெண் பார்க்கப் போவதற்கென்று எடுத்து வைத்திருந்த பேண்ட் இடுப்பில் ஏறவில்லை. (பிரியாணி பற்றி மேலே சொல்லியிருக்கிறேன்.) அதையே எப்படியோ மூச்சைப் பிடித்து மாட்டிக்கொண்டு அக்கா கடைக்குப் போனேன். கழற்றிக் கொடுத்துவிட்டு, உள்ளே திரைக்குப் பின்னால் சட்டையோடு நின்றேன்.

அந்த நேரம் பார்த்து வெளியே இரண்டு வெள்ளை வேட்டிகள் வந்து நின்றன.

“அம்மா, நாங்க வத்தலக்குண்டுலருந்து வாரோம். இந்தத் தெருவுல ஒரு பையனப் பத்தி விசாரிக்கணும்” என்று ஒருவர் என் பெயரைச் சொன்னார். பெண்ணின் அப்பா! கூட வந்தவர் பெண்ணின் தாய்மாமன்.

மிஷின் நின்றது. திரைக்குப் பின்னால் என் மூச்சும் நின்றது.

“உக்காருங்க. நான் அவனுக்குக் கூடப் பிறந்த அக்கா. அதனால நான் நல்லதாச் சொல்றதுல பாதியக் கழிச்சுக்கிடுங்க. கெட்டதாச் சொல்றத முழுசா எடுத்துக்கிடுங்க.”

தாம் கட்டிக்கொடுத்த இடத்திலிருந்து திரும்பி வந்தவர் என்பதை முதலில் சொல்லிவிட்டு, என்னைப் பற்றிச் சொல்லத் தொடங்கினார். வேலையில் நிலைத்து நிற்க மாட்டான், சிரிக்கக் கூடாத இடத்தில் சிரிப்பான், சாப்பாட்டைக் கண்டால் சொந்தபந்தம் மறந்துவிடும், குடிக்க மாட்டான், கை ஓங்க மாட்டான். நான் உள்ளே நின்று, ‘பாதியைக் கழித்தால் இனி என்ன மிஞ்சும்’ என்று கணக்குப் போட்டுக்கொண்டிருந்தேன். அதன்பின் அக்கா குரலைத் தாழ்த்தினார்.

“இன்னொண்ணு. அவனுக்கு வலிப்பு உண்டு. மாத்திரை சாப்பிடுறான். ஒழுங்காச் சாப்பிட்டா பயமில்லைன்னு டாக்டரு சொல்லியிருக்காரு. எம்பேச்ச நம்ப வேண்டாம். பேரு தாரேன், நீங்களே போயி அவருகிட்டக் கேளுங்க.”

டாக்டர் பெயரைச் சொல்லி எழுதிக்கொள்ளச் சொன்னார். பிறகு அக்காவின் குரல்: “ஏலே, அங்ஙன நின்னு கேட்டுக்கிட்டுத்தான இருக்க? வெளியே வா. நான் சொன்னதுல ஏதாச்சும் கூடுதல் குறைச்சல் இருந்தாச் சொல்லு.”

எப்படி வருவேன்? என் பேண்ட் மிஷினில் கிடக்கிறது! கைக்கு எட்டியது, ஓரம் அடிக்க யாரோ கொடுத்திருந்த சின்னாளபட்டிச் சுங்குடிச் சேலை. அதை இடுப்பில் சுற்றிக்கொண்டு, மிச்சத்தை எங்கே போடுவது என்று தெரியாமல் தோளிலும் போட்டுக்கொண்டு வெளியே வந்தேன். தாய்மாமன் எழுந்தே நின்றுவிட்டார்.

“இவருதான் மாப்பிள்ளையா?”

“ஆமா. பேண்ட்டப் பிரிச்சுத் தைக்கிறேன்” என்றார் அக்கா, ஏதோ தினமும் நடப்பதுபோல.

பெண்ணின் அப்பா என்னை மேலும் கீழும் பார்த்தார். எனக்கு நாலு நகைச்சுவை வாய்வரை வந்தது. நல்லவேளை, ஒன்றும் வெளியே வரவில்லை. “அக்கா சொன்னது எல்லாம் சரிதாங்கய்யா” என்று மட்டும் சொன்னேன். அக்கா வாங்கி வைத்த டீயைக் குடிக்காமலே அவர்கள் போய்விட்டார்கள்.

வீட்டில் அம்மா வானத்துக்கும் பூமிக்கும் குதித்தார். “ஒன் வாழ்க்கைதான் போச்சு, தம்பி வாழ்க்கையையும் கெடுக்கணுமாடி?”

அக்கா மெதுவாகத்தான் சொன்னார்: “என் வாழ்க்கைய உண்மையச் சொன்னவுக கெடுக்கலம்மா. நல்ல பையன்னு சொன்னவுகதான் கெடுத்தாக. அந்த ஊருல ஒரு ஆளு வாயத் தெறந்திருந்தாப் போதும்.”

அம்மா முந்தானையை உதறிக்கொண்டு அடுப்படிக்குப் போய்விட்டார். நான் அக்காவோடு பேசவில்லை. அந்த ஞாயிற்றுக்கிழமை அக்காவுக்கு வாங்க வேண்டிய பிரியாணியையும் சேர்த்து நானே தின்று என் கோபத்தைக் காட்டினேன். வயிறுதான் கெட்டது.

இனி கேளுங்கள்! அடுத்த வாரம் பெண்ணின் அப்பா மறுபடியும் வந்தார். கூடவே பெண்ணும். டாக்டரைப் பார்த்துப் பேசிவிட்டு நேரே கடைக்கு வந்திருக்கிறார்கள். அக்கா ஆளனுப்பி என்னை வரச்சொன்னார். இந்த முறை பேண்ட்டோடு போனேன். அந்தப் பெண் என்னைப் பார்க்கவே இல்லை. அக்காவிடம் ஒரே ஒரு கேள்வி கேட்டார்.

“வந்துச்சுன்னா நான் என்ன செய்யணும்?”

அக்காவின் முகத்தில் அப்படி ஒரு மலர்ச்சியை அதற்கு முன் நான் பார்த்ததில்லை. “ஏலே, கீழ படு” என்றார். படுத்தேன். பின்னே, மறுக்க முடியுமா! “பயந்துராத தாயி. இப்பிடி ஒருச்சாய்ச்சுத் திருப்பு. தலைக்கு அடியில மெத்துனு எதையாச்சும் வையி. வாயில எதையும் திணிக்காத. கையக் கால அமுக்கிப் பிடிக்காத. செத்த நேரத்துல அடங்கிரும். அடங்கலைன்னா உடனே ஆஸ்பத்திரிக்கு ஓடு. எங்க, நீ திருப்பு பாப்பம்.”

எல்லா ஊரிலும் பெண் பார்க்கும் நாளில் பெண் காபி கொடுப்பார். எனக்கு வரப்போகிற மனைவி, தம் அப்பாவின் கண் முன்னால், தையல் கடைத் தரையில் என்னை வாழைத்தார் மாதிரி உருட்டிவிட்டார். இரண்டு தரம். முதல் தரம் சரியாக வரவில்லையாம்.

கல்யாணம் நடந்தது. சில ஆண்டுகள் ஒரு தொந்தரவும் இல்லை. பிறகு ஒரு நாள், மாமனார் வீட்டுக்குப் போய்விட்டுத் திரும்பும்போது, வத்தலக்குண்டு பேருந்து நிலையத்தில் விழுந்துவிட்டேன். நடந்ததை, வழியனுப்ப வந்திருந்த மாமனார்தான் பிறகு சொன்னார். கூட்டம் கூடிவிட்டது. பூட்டுக்குப் பேர்போன எங்கள் மாவட்டத்தில் சாவிக்குப் பஞ்சமா? பெட்டிச் சாவி, வண்டிச் சாவி, வீட்டுச் சாவி என்று ஆளுக்கொன்றாக என் கைக்குள் திணிக்கப் பார்த்தார்களாம். என் மனைவி பையைக் கீழே போட்டுவிட்டு ஒரு அதட்டல் போட்டிருக்கிறார்: “சாவியெல்லாம் ஒண்ணும் வேண்டாம், தள்ளுங்க! காத்து வரட்டும்!” என்னைப் பக்கவாட்டில் திருப்பி, தம் முந்தானையைச் சுருட்டித் தலைக்கு வைத்து, அடங்கும்வரை பக்கத்திலேயே உட்கார்ந்திருந்திருக்கிறார். அக்காவுக்குப் போனில் சொன்னபோது அக்கா கேட்டது என்னைப் பற்றி அல்ல, என் மனைவியைப் பற்றி. “பிள்ள பயந்துருச்சா?”

நல்ல வாழ்வு என்றால் என்ன என்று பெரியவர்கள் மேடை போட்டுப் பேசுகிறார்கள். எனக்குத் தெரிந்தது அந்தத் தையல் கடை வரைக்கும்தான். சொன்னால் நமக்கு நஷ்டம், சொல்லாவிட்டால் இன்னொருவர் வாழ்க்கைக்கே நஷ்டம் என்ற இடத்தில் அக்கா வாயைத் திறந்தார். அதுவும் பெற்ற தாயை எதிர்த்து, சொந்தத் தம்பியின் கல்யாணத்தையே பணயம் வைத்து. தமக்குக் கிடைக்காத ஒரு வார்த்தையைப் பிறருக்குக் கொடுத்துக்கொண்டே இருந்தார்.

கடைசிக் காலத்தில் அக்காவுக்குப் புற்றுநோய் என்று தெரிந்தது. டாக்டர் என்னிடம் சொன்னதை மறைத்து, “ஒண்ணுமில்லக்கா, சத்துக் கொறவாம். மூணு நேரமும் பிரியாணி சாப்பிடணுமாம்” என்றேன். அக்கா சிரித்தார். பிறகு, “ஒனக்காக நான் என்னைக்காவது பொய் சொன்னேனாலே?” என்று கேட்டார். அழுதுகொண்டே எல்லாவற்றையும் சொன்னேன். மறுநாளே கடைக்குப் போய், வெட்டி வைத்திருந்த ரவிக்கைகளைத் தைத்து முடித்தார். வெட்டாத துணிகளை உரியவர்களைக் கூப்பிட்டுத் திருப்பிக் கொடுத்தார். பிறகு நிம்மதியாகப் படுத்தார்.

அக்காவின் நோய்க்காலத்தில் இரவு பகல் பாராமல் பார்த்துக்கொண்ட செவிலியர்களுக்கும், அழைத்த நேரத்தில் எல்லாம் வந்த ஆட்டோ ஓட்டுநர்களுக்கும், தெரு மக்களுக்கும் எங்கள் குடும்பத்தின் கைகூப்பிய நன்றி. முக்கியமாக, ‘எம்மகன் குடிக்கிறான்னு சொன்னியாமே’ என்று சண்டைக்கு வந்த அந்தத் தாய், கடைசி மாதத்தில் தினமும் கஞ்சி காய்ச்சி எடுத்து வந்தார். அவருக்கு என்ன சொல்லி நன்றி சொல்வது என்று தெரியவில்லை.

இதை அச்சகத்துக்கு எடுத்துப் போகுமுன், கீரை ஆய்ந்துகொண்டிருந்த என் மனைவிக்கு முழுவதையும் வாசித்துக் காட்டினேன். கடைசிவரை கேட்டார். எனக்குத்தான் வாய் சும்மா இருக்காதே.

“ஏம்மா, அன்னைக்கு அக்கா வலிப்பப் பத்திச் சொல்லாமலே விட்டிருந்தா, நீ இம்புட்டு யோசிக்காம என்னையக் கட்டியிருப்பேல்ல?”

அவர் கீரையிலிருந்து தலையைத் தூக்கவில்லை.

“கட்டியிருப்பேன், கூட இருந்திருக்க மாட்டேன்.”