ஆரஞ்சு நிறத்தில் ஒரு பெயர்

பேய், ஆவி என்று யாராவது ஆரம்பித்தாலே எனக்கு எரிச்சல் வரும். "போய் வேலையப் பாருய்யா" என்று எழுந்து போய்விடுகிற ஆள் நான். அப்படிப்பட்ட நானே இதைச் சொல்ல உட்கார்ந்திருக்கிறேன், உங்களுக்குச் சிரிப்பு வந்தால் சிரித்து முடித்துவிட்டு மீதியைக் கேளுங்கள்.

2010 வாக்கில் சிதம்பரத்தில் ஒரு சின்ன சாப்ட்வேர் கம்பெனியில் இருந்தேன். பக்கத்து மேஜை வேலு. கடலூரை ஒட்டிய மீனவ கிராமத்துக்காரன், நான் கடலூர் டவுன், தினமும் ஒரே பஸ். வேலை பைத்தான் என்கிற கம்ப்யூட்டர் மொழியின் ஷெல்லில். ஒரு கருப்புத் திரை, ஒரு வரி அடித்தால் உடனே பதில் சொல்லும், ஒரு சொல்லின் முதல் எழுத்தை அடித்து டேப் கீயைத் தட்டினால் மீதியை அதுவே நிரப்பும். வேலு தன்னுடையதற்கு நிறம் வேறு போட்டு வைத்திருந்தான். மொழியின் சொந்தச் சொற்கள் ஆரஞ்சு, எண்கள் நீலம், நாம் வைக்கும் பெயர்கள் வெள்ளை.

"இன்னாடா இது, தேர் திருவிழாவுக்கு சீரியல் லைட் போட்ட மாதிரி? எனக்குக் கருப்பு வெள்ளையே போதும்பா."

"ஒனக்குப் பொறாம மச்சான். டேப்ப தட்டிப் பாரு, மனசுல நெனைக்கிறத அதுவே சொல்லும்."

"மனசும் இல்ல, மண்ணாங்கட்டியும் இல்ல. உள்ள இன்னா இருக்கோ அதத்தான் சொல்லும்."

இன்னொரு கிறுக்கும் அவனிடம் உண்டு. புரோகிராமில் எதற்குப் பெயர் வைக்க வேண்டியிருந்தாலும் வீட்டு ஆட்கள் பெயரைத்தான் வைப்பான். ஒரு கல்லூரிக்கு எழுதிய மதிப்பெண் புரோகிராமில் பாதிக்கு மேல் அவன் மனைவி மலரின் பெயர்தான். நான் திட்டித் திட்டி மாற்றுவேன், அவன் மறுபடி வைப்பான்.

மலர் மாசமாக இருந்தாள். பிறக்காத பிள்ளையின் பெயரை வாய்விட்டுச் சொல்லக் கூடாது என்பது அவர்கள் வீட்டு வழக்கம். இவன் என்ன செய்தான் தெரியுமா, தினம் காலையில் கிளம்பும்போது அவள் வயிற்றில் வாயை வைத்துப் பிள்ளைக்கு மட்டும் கேட்கிற மாதிரி அந்தப் பெயரைச் சொல்வானாம். அவள் கேட்டால், "பொறக்கட்டும், சொல்றேன்" என்று சிரிப்பானாம்.

ஒருநாள் பஸ்ஸைத் தவறவிட்டுவிட்டு பைக்கில் கிளம்பினான். புதுச்சத்திரம் பக்கத்தில் லாரி. அவ்வளவுதான், அதற்கு மேல் அதைப் பற்றிச் சொல்ல எனக்கு வரவில்லை. அவன் போய்க் கொஞ்ச நாளில் பெண் குழந்தை பிறந்தது.

வீட்டில் குலதெய்வத்தின் பெயரை வைக்கலாம் என்றார்கள். மலர் அசையவில்லை. எனக்கு போன் செய்தாள்.

"அண்ணே, எல்லார் பேரையும் அந்தப் புரோகிராம்ல வைப்பாரே, புள்ள பேரையும் எங்கனா வச்சிருப்பாரு. தேடிப் பாருங்கண்ணே. அவரு வச்ச பேரத் தவிர வேற பேரு வேணாம்ணே."

அவனுடைய கம்ப்யூட்டரை அதற்குள் சுத்தமாக அழித்து வேறொருவருக்குக் கொடுத்துவிட்டார்கள். நாங்கள் சேர்ந்து எழுதியதையெல்லாம் புரட்டினேன். மலர், மலர், மலர். வேறொன்றும் இல்லை. இன்னும் தேடுகிறேன் என்று அவளிடம் சொல்லி வைத்தேன்.

பெயர் வைக்கிற நாளுக்கு முந்தின நாள் மதியம். நல்ல மழை. கரண்ட் போய் வந்தது. என் கம்ப்யூட்டரைப் போட்டு ஷெல்லைப் புதிதாகத் திறந்தேன். yield என்ற சொல் வேண்டியிருந்தது. y என்ற எழுத்தில் தொடங்குகிற சொல் அந்த மொழியிலேயே அது ஒன்றுதான், அதனால் y அடித்து டேப் தட்டினால் மறுபேச்சில்லாமல் அதுதான் வந்து விழும். நம்பினால் நம்புங்கள், அன்றைக்கு இரண்டு வந்தன. yield. அதற்குக் கீழே yazhini. யாழினி. இரண்டும் ஆரஞ்சு.

அந்தப் பெயரை அடித்து என்டர் தட்டினேன். அப்படி ஒரு பெயரே இல்லை என்று பதில் வந்தது. மறுபடி y, மறுபடி டேப். yield மட்டும்தான்.

மறுநாள் காலை மலர் வீட்டு வாசலில் நிற்கிறேன், உள்ளே குழந்தை வீறிட்டு அழுகிறது. மலர் என் முகத்தையே பார்த்தாள்.

"யாழினி" என்றேன்.

"நெசமா அவரு வச்சதா, இல்ல நான் அழுவக் கூடாதுன்னு நீங்களா சொல்றீங்களா?"

பதிலுக்குக் காத்திராமல் அவளே குழந்தையைத் தூக்கி, காதோடு காதாக அந்தப் பெயரைச் சொன்னாள். அழுகை நின்றது. எதையோ கேட்கிற மாதிரி அந்தப் பிஞ்சு முகம் அப்படியே இருந்தது. மலர் சுவரில் சாய்ந்து உட்கார்ந்துவிட்டாள். "இதுக்குத் தெரிஞ்சிருக்குண்ணே, இதுக்கு மட்டும் தெரிஞ்சிருக்குண்ணே" என்று சொல்லிச் சொல்லி அழுதாள். நானும் அழுதேன், அதிலென்ன வெட்கம்.

கைக்குழந்தை எந்தச் சத்தத்துக்கும் அழுகையை நிறுத்தும் என்பீர்கள். சரி. கரண்ட் போய் வந்ததில் கம்ப்யூட்டர் குழம்பியிருக்கும் என்பீர்கள். அதுவும் சரி என்றே வைத்துக்கொள்வோம்.

ஆனால் திரும்பி வரும்போது பஸ்ஸில்தான் எனக்கே உறைத்தது. அந்த ஆரஞ்சு வேலுவின் ஷெல்லில் இருந்த நிறம். என்னுடையதில் நிறமே கிடையாது. ஆபீஸ் போனதும் ஓடிப் போய்த் திறந்து பார்த்தேன், எப்போதும் போல வெறும் கருப்பு வெள்ளை.

இப்போது வேறு ஊர், வேறு வேலை, எல்லா ஷெல்லும் நிறத்தோடுதான் வருகிறது. நான் முதல் வேலையாக நிறத்தை எடுத்துவிடுவேன். கூட வேலை செய்கிறவர்கள் கேலி செய்கிறார்கள். செய்யட்டும். மறுபடி எப்போதாவது அங்கே ஆரஞ்சு தெரிந்தால், வந்திருப்பது யார் என்று எனக்குத் தெரிய வேண்டுமே.